பெரிய டிரம் பின்வரிசைக்குப் போன கதை

ஆளில்லாத திடலின் நடுவில் நின்று நான் ஒரு முறை கை தட்டினேன்.

சிரம்பானில் பள்ளி ஊர்வலங்களும் விளையாட்டுப் போட்டிகளும் நடக்கும் பெரிய திடல் அது. ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியாக உயரும் சிமெண்டு இருக்கைகள். அவற்றின் மேல் கூரை. பள்ளி விடுமுறைக் காலம், காலை நேரம். புல்லில் ஈரம் இன்னும் காயவில்லை. வாயிலில் இருந்த மலாய்க் காவலரிடம் கொஞ்ச நேரம் போதும் என்று கெஞ்சி உள்ளே வந்திருந்தேன். எதற்கு என்று கேட்டார். "கை தட்டிப் பார்க்க வேண்டும்" என்று மலாயில் சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோயிருப்பார்.

தட்டிய சத்தம் போனது. பிறகு திரும்பி வந்தது. எதிர் இருக்கைகளில் யாரோ உட்கார்ந்து எனக்குப் பதில் தட்டுவது போல, அவ்வளவு தெளிவாக வந்தது.

என் கணவர் ரொட்டி சானாய்ப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி திடலின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பசியாறக் கூட விடாமல் இழுத்து வந்திருந்தேன்.

"என்னா, ஏதாச்சும் வேண்டுதலா?" என்றார்.

"பேசாம நில்லுங்க. இல்ல, நிக்க வேணாம். அந்தப் பக்கம், சீட்டுக்குக் கொஞ்சம் கிட்டப் போயி நீங்க தட்டுங்க."

"நானா? கேட்டுல கார்டு பாக்குறாரு லா."

"பாத்தா பாக்கட்டும்."

பொட்டலத்தைப் புல்லில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு முதுகைக் காட்டி, இருக்கைகளைப் பார்த்து நின்று, தட்டினார். அவர் கையிலிருந்து வந்த சத்தம் எனக்கு லேசாகத்தான் கேட்டது. அடுத்து இருக்கைகளில் மோதித் திரும்பிய சத்தம் பளிச்சென்று, முதலாவதைவிடப் பலமாகக் கேட்டது.

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். பல மாதமாக ஒரு சின்னப் பெண்ணின் தலையில் எல்லாரும் ஏற்றி வைத்திருந்த பழி, அந்த ஒரு தட்டலில் இறங்கிப் போனது.

கேட்கிற மாதம்

இந்தத் தொடரில் நீலாய்ப் பள்ளியைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறீர்களே, சங்கீதக் குடும்பமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் அப்பாவின் குறட்டை ஒன்றுதான்.

கோலா கிளாவாங்கில் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது பேண்டு குழுவில் சேர்ந்தேன். சீருடை அழகாக இருந்தது, வேறு காரணம் இல்லை. இசைக்குறிப்பு எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. தாளில் இருந்த புள்ளிகள் எல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தன. பக்கத்தில் வாசிப்பவளைக் கேட்டுக் கேட்டு வாசித்தே ஐந்து வருடமும் ஒப்பேற்றினேன். ஆசிரியருக்கு அது தெரியவே இல்லை. தாளை மட்டும் நேரத்துக்குத் திருப்பிவிடுவேன்.

ஆசிரியராகி நீலாய்க்குப் போன முதல் வருடம், கூட்டத்தில் "பேண்டு வாசித்த அனுபவம் யாருக்கு?" என்று கேட்டார்கள். நான் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த தோழி என்னைக் கை காட்டிவிட்டாள். அன்று மாட்டியவள்தான். இத்தனை வருடம், மூன்று பள்ளிகள், எங்கே போனாலும் பேண்டு என் பின்னாலேயே வந்தது. குறிப்பு படிப்பதையும் பிறகு ஒரு பிடிவாதத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் நான் கற்ற வழியில்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் காது, மற்றதெல்லாம் பிறகு.

ரந்தாவுக்குப் பக்கத்தில் இப்போது நான் இருக்கும் பள்ளி சின்னப் பள்ளி. சுற்றிலும் செம்பனை. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர்தான் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் நீலாய், சிரம்பான் பக்கம் தொழிற்சாலைக்குப் போய் வருகிறார்கள். பெரிய பள்ளிகளில் பேண்டில் சேர ஆள் தேர்வு நடக்கும். எங்களிடம் தேர்வெல்லாம் கிடையாது. நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டு நடக்கவும் தெரிந்தால் நீ பேண்டில் இருக்கிறாய், அவ்வளவுதான்.

வாத்தியங்களும் எளியவை. குழல்கள், வாயால் ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்தும் பியானிக்கா, நான்கைந்து சிறிய டிரம், ஒரு பெரிய டிரம். எங்கள் பிள்ளைகள் கையில் டிரம் குச்சியைக் கொடுத்தால் முதலில் வெளியே வருவது உறுமி அடிதான். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டே வளர்ந்த கைகள் அவை. அதை நான் தடுப்பதில்லை. ஒரு வாரம் ஆசை தீர அடிக்க விட்டுவிடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் யாருக்கும் வாத்தியம் கிடையாது. திடலோரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். கேட்பதைச் சொல்ல வேண்டும்.

"டீச்சர், ப்ளைட்டு."

"எந்தப் பக்கம் போவுது?"

"எறங்குது டீச்சர். போறதுன்னா சத்தம் வேற மாதிரி."

"வேற?"

"மண்டோர் மோட்டாரு. செயினு லூசு." தோட்டத்துக் கங்காணியைச் சொல்கிறான்.

"கேண்டீன் அக்கா வெங்காயம் போட்டுட்டாங்க!"

கடைசியாகச் சொன்னது காதால் கேட்டதா மூக்கால் கேட்டதா என்று தெரியவில்லை. அதையும் ஏற்றுக்கொண்டேன். பேண்டு என்று சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார் இந்த டீச்சர் என்று ஒரு தகப்பனார் புகார் கூடச் செய்தார். அவரையும் ஒரு நாள் உட்கார வைத்தேன். அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

இப்படித் தேறிய காதுகளுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். நடக்கும்போது கண் நேரே பார்க்கட்டும், காது பெரிய டிரம்மிடம் இருக்கட்டும். என்ன நடந்தாலும் டிரம் எங்கே அடிக்கிறதோ அங்கே உன் கால் விழட்டும். நன்றாகக் கேட்கும் என்பதற்காகப் பெரிய டிரம்மை முதல் வரிசையின் நடுவில் நிறுத்தினேன்.

எங்கள் திடலில் அது அச்சுப் பிசகாமல் நடந்தது. எங்கள் திடலைச் சுற்றி மரங்கள்தான். சத்தம் போனால் போனதுதான்.

நடுத் திடலில் நின்றது

அந்த வருடம் பெரிய டிரம் அடித்தவள் துர்கா. அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒல்லியான பிள்ளை. டிரம்மைக் கட்டிக்கொண்டால் எதிரே நிற்பவருக்கு நெற்றியும் இரண்டு சடையும்தான் தெரியும். ஆனால் அவள் அடி பிசகி நான் கேட்டதே இல்லை.

சிரம்பானில் பள்ளி பேண்டு போட்டி. இருக்கைகளை நோக்கி நேராக நடந்து வர வேண்டும், மேடைக்கு முன்னால் திரும்ப வேண்டும், வாசித்தபடியே வெளியேற வேண்டும். பாதித் தூரம் எல்லாம் நன்றாக இருந்தது. அதன் பிறகு பின்வரிசைக்காரர்களின் கால் லேசாகத் தாமதித்தது. அடுத்து நடுவரிசை. குழல் ஓர் இடத்தில், பியானிக்கா இன்னோர் இடத்தில். முன்னால் இருப்பவன் மேல் பின்னால் வந்தவன் இடித்தான். துர்கா மட்டும் அடித்துக்கொண்டே போனாள். அவள் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் வரவில்லை. நடுத் திடலில் நின்றுவிட்டார்கள்.

இருக்கைகளில் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளுக்குக் கேட்டது. நான்தானே நன்றாகக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல. பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை வருடா வருடம் குறைவதை நினைத்துத் தூக்கம் கெட்டுப்போன மனிதர்.

"டீச்சர், மேடையில இருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க. சின்னப் பள்ளிக்கு எதுக்கு இந்த ஆசைன்னு ஒருத்தர் என் காது படவே சொல்றாரு."

"அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம் சார்."

"அடுத்த வருஷம் ஒரு தடவை பாப்போம். பரிசு வேணாம். நடுவுல நிக்காம வந்து சேந்தா போதும். இதே மாதிரி நின்னுச்சுன்னா, சாமான்கள வேற பள்ளிக்குக் குடுத்துருவோம். அந்த நேரத்துல கணக்கு வகுப்பாச்சும் நடக்கும்."

சரி என்றேன்.

பிள்ளைகள் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டிருந்தார்கள். டிரம் பிசகியது, அதனால் எல்லாம் பிசகியது. துர்காவைக் கண்டால் ஒருவன் "டும்... டும்" என்று இழுத்துக் காட்டுவான். அவள் அழவில்லை. கேண்டீனில் மற்றவர்களோடு உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவள் அடி பிசகவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால் சொல்லத்தான் தெரியவில்லை. தெரிந்தும் சொல்ல முடியாமல் இருப்பது பெரிய வேதனை.

துர்காவின் அம்மா சரஸ்வதி போட்டியன்று கைப்பேசியில் வீடியோப் படம் எடுத்திருந்தார். வெகு நாள் தயங்கிவிட்டு, விடுமுறை தொடங்கும் சமயத்தில் எனக்கு அதை அனுப்பினார். படத்தைப் பார்க்காமல், மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். பெரிய டிரம் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு தடவை கேட்டது. டும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டும். ஒரு பிள்ளையால் அப்படி அடிக்கவே முடியாது.

மறுநாள் காலைதான் கணவரின் பசியாறலைக் கெடுத்து அந்தத் திடலுக்குக் கூட்டிப் போனேன்.

விஷயம் இதுதான். முன்னால் நின்ற டிரம்மின் சத்தம் பின்வரிசைக்குப் போகும் முன்பே ஆட்களுக்குள் அமுங்கிப்போனது. இருக்கைகளில் மோதித் திரும்பிய சத்தமோ எல்லார் தலைக்கும் மேலாகப் பலமாக வந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் நான் சொன்ன சட்டத்தை அப்படியே காப்பாற்றினார்கள். கேட்ட டிரம்மைப் பின்பற்றினார்கள். அந்த டிரம் சுவர் அடித்த டிரம். முன்னால் நடப்பவன் ஏற்றி இறக்கும் கோலைப் பார்த்து நடக்கும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. காதை நம்பியவர்கள்தான் கவிழ்ந்தார்கள்.

ஆள் குடிவராத கடைகள்

இனி கேட்பதை விட்டுவிட்டுக் கோலைப் பார்த்து நடக்கச் சொல்லலாம்தானே என்றார் கணவர். முடியாது என்றேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை, பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்கச் சொன்னேன், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதாக இல்லை.

அதற்கு ஒரு சுவர் வேண்டும். செம்பனைக்குள் சுவருக்கு எங்கே போவது?

ரந்தாவுக்கு வெளியே புதுக் குடியிருப்புக்காகக் கட்டிய மூன்று மாடிக் கடை வரிசை ஒன்று இருக்கிறது. கட்டி வெகு காலமாகியும் ஆள் குடிவரவில்லை. முன்னால் பெரிய தார்த் திடல், கார் நிறுத்த. காருக்குப் பதில் அங்கே புல் முளைத்திருந்தது. இறங்கிக் கை தட்டினேன். அருமையாகத் திரும்பி வந்தது. அந்தக் கடைகளால் யாருக்காவது பிரயோசனம் இருந்தது என்றால் எங்களுக்குத்தான்.

சனிக்கிழமை காலைகளில் பெற்றோர் கார்களிலும் மோட்டார்களிலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வரிசையின் கோடியில் ஒரே ஒரு டயர்க்கடை மட்டும் திறந்திருக்கும். கடைக்காரர் சீனர். முதல் நாள் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"சிகு, பிசிங் லா!" என்றார். டீச்சர், ஒரே சத்தமாக இருக்கிறதே என்று.

சத்தம் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று மலாயில் பதில் சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்துவிட்டு உள்ளே போய் டயருக்குக் காற்றடிக்கிற இயந்திரத்தைப் போட்டார். அது எங்களைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. எங்களுக்கு அதுவும் பயிற்சிதான்.

முதலில் கண்ணை மூடி உட்கார வைத்தேன். துர்கா ஓர் அடி அடித்தாள். அடி கேட்ட திசையைக் கையால் காட்டச் சொன்னேன். பாதிப் பேர் டிரம்மைக் காட்டினார்கள். பின்னால் இருந்த பாதிப் பேர் கடைகளைக் காட்டினார்கள். கண்ணைத் திறக்கச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "டும்... டும்" என்று இழுத்துக் காட்டிய பையனின் கையும் கடையை நோக்கித்தான் நீண்டிருந்தது. அவன் மெல்லக் கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். துர்கா அதைப் பார்த்தாள்.

பிறகுதான் நான் எடுத்த முடிவைச் சொன்னேன். சுவர் எப்போதும் எதிரில்தான் இருக்கும். ஆகவே எதிரிலிருந்து வரும் சத்தம் நம்முடையது அல்ல. நம் சத்தம் பின்னாலிருந்து வர வேண்டும். இனி பெரிய டிரம் கடைசி வரிசையில், எல்லாருக்கும் பின்னால்.

துர்காவின் முகம் சுருங்கிப் போனதை நான் கவனித்தேன். இத்தனை பேருக்கு முன்னால் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று விட்டேன்.

சரஸ்வதி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை

அடுத்த சனிக்கிழமை சரஸ்வதி மகளை மோட்டாரில் ஏற்றி வந்தார். நீலாய்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த கையோடு வந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது. மோட்டாரை அணைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"டீச்சர், ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எம்புள்ள பிசகல, சுவருதான்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன் பின்னால தள்ளிட்டீங்க?"

"தள்ளல சரசு."

"முன்னால நின்ன புள்ள இப்ப கடைசில நிக்குது. பாக்குறவங்க என்னா சொல்லுவாங்க? தப்பு பண்ணுனா, அதான் பின்னால போட்டாங்கன்னுதான சொல்லுவாங்க? ராத்திரியெல்லாம் அழுதாளாம். நான் வேலைக்குப் போயிட்டேன், எங்க மாமியார் போன் பண்ணி சொல்றாங்க. அவளுக்கு டிரம்மே வேணாம் டீச்சர். எடுத்துருங்க."

துர்கா மோட்டாரின் பின் இருக்கையை விட்டு இறங்காமல் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று வரவில்லை. ஒரு தாய் இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, தூங்கப் போகாமல், மகளுக்காகச் சண்டைக்கு வந்து நிற்கிறாள். அவள் மேல் எப்படிக் கோபம் வரும்?

"ஹெல்மெட்ட மட்டும் கழட்டுங்க. கொஞ்ச நேரம் வரிசைக்குள்ள வந்து நில்லுங்க. அப்புறமும் வேணாம்னு தோணுச்சுன்னா நானே எடுத்துர்றேன்."

வந்தார். பிள்ளைகளுக்கு நடுவில், பின்வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். முதலில் துர்காவை முன்னால் நிறுத்தி அடிக்கச் சொல்லி எல்லாரையும் நடக்க வைத்தேன். சரஸ்வதியின் கால் கொஞ்ச தூரத்திலேயே தடுமாறியது.

"அய்யோ, எது டீச்சர்? ரெண்டு டிரம்மு அடிக்குது!"

அடுத்து துர்காவைப் பின்னால் அனுப்பினேன். "முன்னால எது கேட்டாலும் கண்டுக்காதீங்க. முதுகுப் பக்கம் என்னா கேக்குதோ அதுக்கு நடங்க" என்றேன்.

சரஸ்வதி நடந்தார். தொழிற்சாலைச் சீருடையில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக அந்தக் கடை வரிசை வரை பிசகாமல் நடந்து போனார். போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்.

"எல்லாரையும் நீதான் நடக்க வைக்கிறியா?" என்றார்.

துர்கா தலையசைத்தாள். அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் விளக்கம் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போனது.

காதுக்குப் பதில் கண்

ஆனால் பின்வரிசையில் வேறொரு சிக்கல் இருந்தது. முன்னால் போகிறவர்கள் ஊதும் குழல் சத்தம் பின்னால் இருப்பவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதைக் கேட்டு அவள் அடித்தால் எல்லாரும் மெல்ல மெல்ல இழுபடுவார்கள். மற்ற எல்லாரும் கேட்க வேண்டும், அவள் மட்டும் கேட்கக் கூடாது. முன்னால் கோல் பிடித்து நடக்கும் முகிலனின் கை இறங்கும் கணத்தில் அவள் அடி விழ வேண்டும். அவனை விட்டுக் கண் எடுக்கக் கூடாது.

இருப்பதிலேயே நல்ல காது அவளுக்குத்தான். அந்தக் காதை மூடிக்கொள்ளச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும். அவளைவிட எவ்வளவோ பெரியவளான என்னாலும் அதைச் செய்ய முடிந்திருக்காது.

"என்னா டீச்சர், பாட்டு எனக்குப் பின்னாடியே வர்ற மாதிரி கேக்குது. நான் ஓடுறேனோன்னு பயமா இருக்கு."

"நீ ஓடல. அவங்க சத்தம்தான் மெதுவா வருது. முகிலன் கைய மட்டும் பாரு."

"பாத்துக்கிட்டே இருந்தா, பாட்டு கேக்கவே முடியல டீச்சர்."

"ஆமா. நீ கேக்க முடியாது. மத்தவங்க கேக்குறாங்க இல்ல?"

அவள் டிரம் வாரைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ போலாம்" என்றாள். அந்த வருடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். மழை தூறினாலும் இன்னொரு தடவை. முகிலனுக்குக் கை வலித்தாலும் இன்னொரு தடவை. டயர்க்கடைக்காரர் கூடக் கடைசியில், நாங்கள் வரும் நேரம் பார்த்து, தன் வேனைத் தார்த் திடலிலிருந்து எடுத்துவிடத் தொடங்கினார்.

வெள்ளை நிறக் கார்

போட்டி நாளில் பயிற்சியாளர்கள் திடலுக்குள் இறங்கக் கூடாது. ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் சரஸ்வதி, நடுவில் நான், அந்தச் சிமெண்டு இருக்கைகளில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பள்ளிப் பெயரைச் சொன்னார்கள். போன வருடம் பார்த்த யாரோ கீழே "இவங்கதான்" என்று சொல்வது கேட்டது. தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

முகிலன் கோலை உயர்த்தி இறக்கினான். துர்காவின் முதல் அடி விழுந்தது.

நடந்தார்கள். பாதித் தூரம் வந்தார்கள். போன வருடம் நின்ற இடத்தை நான் எந்தக் கோடும் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவேன். அந்த இடத்துக்கு வரும்போது, எங்கள் தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி திடீரென்று கொரகொரத்தது. ஒரு பெண் குரல் மலாயில் அறிவிக்கத் தொடங்கியது. வெள்ளை நிறக் கார் ஒன்று ஆம்புலன்ஸ் வழியை மறித்து நிற்கிறது, உரிமையாளர் உடனே வந்து எடுக்கவும். எண்ணைச் சொன்னது. மறுபடியும் எண்ணைச் சொன்னது.

குழல் சத்தம் மொத்தமாக அமுங்கிப் போனது. நான் எழுந்துவிட்டேன். இதற்கு நான் பயிற்சி கொடுக்கவில்லையே! காது முழுக்க ஒரு கார் எண்தான் இருக்கிறது. இதற்குள் பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்?

தலைமையாசிரியர் என் முந்தானை நுனியைப் பிடித்து, "உக்காருங்க டீச்சர்" என்றார்.

நான் கால்களைப் பார்த்தேன். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை. எல்லாம் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின. முதுகுக்குப் பின்னால் விழுந்த டிரம் அடி அவர்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. துர்காவின் முகம் டிரம்முக்கு மேல் கொஞ்சம்தான் தெரிந்தது. அந்தக் கண்கள் முகிலனின் கையைவிட்டு அசையவில்லை. ஒலிபெருக்கி என்ன சொன்னது என்று அவளிடம் பிறகு கேட்டேன். ஒலிபெருக்கியா, எப்போது என்று கேட்டாள்.

அறிவிப்பு நின்றது. அதன் அடியில் அமுங்கியிருந்த பாட்டு, தாளம் இம்மியும் நழுவாமல் அப்படியே வெளியே வந்தது. மேடைக்கு முன்னால் திரும்பினார்கள். வெளியேறும் கோட்டைத் தாண்டினார்கள். முகிலன் கோலை நிறுத்தினான். கடைசி அடி.

எல்லாரும் நின்றார்கள். ஒரு கணம் கழித்து, நாங்கள் உட்கார்ந்திருந்த சிமெண்டில் மோதி அந்த அடி திடலுக்குத் திரும்பிப் போனது. அதைக் கேட்டு ஒரு கால் கூட அசையவில்லை.

"யாரும் நடக்கல டீச்சர்," என்றார் சரஸ்வதி. "ரெண்டாவதுக்கு யாருமே நடக்கல!" சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், எங்கள் பள்ளி தோற்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. பரிசு வாங்கிய பள்ளிகளில் பளபளக்கும் பித்தளை வாத்தியங்கள் இருந்தன, அவர்களும் நன்றாக வாசித்தார்கள். ஆறுதல் கோப்பை கூட எங்களுக்கு வரவில்லை.

பஸ்ஸில் ஏறினோம். தலைமையாசிரியர் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். சிரம்பான் நெரிசலைத் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பரிசு வேண்டாம் என்று சொன்னவர் இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செம்பனை தொடங்குகிற இடத்தில் அவர் இருக்கையில் திரும்பினார்.

"டீச்சர், துர்கா இந்த வருஷத்தோட ஆறாம் வகுப்பு முடிச்சிப் போயிருவா. அடுத்த வருஷம் பெரிய டிரம் யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

அடுத்த வருடம். அப்படியென்றால் சாமான்கள் வேறு பள்ளிக்குப் போகவில்லை.

பஸ்ஸின் கடைசி இருக்கையிலிருந்து துர்கா எழுந்து நின்றாள்.

"யாருக்கு வேணா குடுங்க சார்," என்றாள். "ஆனா பின்னாலதான் நிக்கணும். முன்னால வேணும்னு கேட்டா குடுக்காதீங்க."